வாசகர் கேள்வி – பதில்: கடையோடு தீர்ந்துபோகும் சிரிப்பு

கேள்வி: ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காலை முதல் இரவு வரை வருகிறவர்கள் எல்லோரிடமும் சிரித்த முகத்தோடு பேச வேண்டும். வீட்டுக்கு வந்தபின் பிள்ளைகள் ஆசையாகப் பேசினால்கூட எனக்குச் சிரிப்பு வருவதில்லை. "எப்போது பார்த்தாலும் உம்மென்று இருக்கிறாயே, நல்லதையே நினை" என்கிறார் கணவர். நான் சிடுமூஞ்சியாகிவிட்டேனா? அன்றாடம் மகிழ்ச்சியாக இருக்க என்ன வழி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் காண்பது களைப்பைத்தான். வாடிக்கையாளர் ஒருவர் அடுக்கடுக்காகப் புடவைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் வருகிறோம்" என்று எழுந்து போனபிறகும், முகம் வாடாமல் அத்தனையையும் மடிப்புக் கலையாமல் அடுக்கி வைப்பது எளிய வேலையா? ஊதியத்துக்காக உணர்ச்சியை அடக்கி முகத்தை மலர்ச்சியாக வைத்திருப்பதும் ஓர் உழைப்பே என்று, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983-இல் எழுதினார். அந்த உழைப்பை நாளெல்லாம் செய்துவிட்டு வருகிறவரிடம் வீட்டு வாசலிலேயே இன்னொரு சிரிப்பைக் கேட்பது நியாயமில்லை. இந்தப் பதிலை உங்கள் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

மனத்தைப் பற்றிப் பேசுமுன் கால்களைக் கவனிக்க வேண்டும். கடை ஊழியர்கள் வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று, தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. உங்கள் பிரிவில் இருக்கை இருந்தால், ஆள் இல்லாத நேரத்தில் தயங்காமல் உட்காருங்கள். இல்லையென்றால் உடன் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து போய் மேலாளரிடம் கேளுங்கள். கால் கடுப்போடு படுக்கிறவருக்கு "நல்லதையே நினை" என்னும் அறிவுரை எந்தப் பயனையும் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் சிரிப்பை வரவழைக்க முயல வேண்டாம். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: உதட்டோரத்தை இழுக்கும் கன்னத் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளபடியே மகிழும்போதுதான் பெரும்பாலும் சுருங்கும். அந்தச் சிரிப்பு பிறப்பதற்குத் துணை வேண்டும். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும், அதில் பெரும்பகுதி நகைச்சுவைத் துணுக்குகளுக்காக அல்லாமல் மிகச் சாதாரணமான பேச்சுக்கிடையே வருவது என்றும் உளவியலாளர் ராபர்ட் புரொவைன் கண்டறிந்தார். தொல்காப்பியரும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்களாக மனித இயல்புகளையே சொல்கிறார். அவற்றில் இளமை உங்கள் வீட்டிலேயே, பிள்ளைகளின் பேச்சில் இருக்கிறது. ஆகவே வீடு திரும்பியதும் முகம் கழுவிச் சிறிது நேரம் யாரோடும் பேசாமல் இருங்கள். பிறகு கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேட்டால் போதும். கடையிலும் மதிய உணவைத் தனியாக முடித்துக்கொள்ளாமல், தோழியரோடு குழம்பையும் பொரியலையும் பகிர்ந்து உண்ணுங்கள்.

படுக்கப் போகுமுன் செய்ய ஒரு பயிற்சியும் உண்டு. அன்று நடந்த மூன்று நல்லவற்றையும், அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் தொடர்ந்து எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியதாகவும் சோர்வு குறைந்ததாகவும், இந்தப் பலன் 6 மாதங்கள் வரை நீடித்ததாகவும் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இதில் "ஏன்" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். "பேத்தியின் வளைகாப்புக்குப் புடவை எடுக்க வந்த பாட்டி, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார்" என்று எழுதினால், "அரக்கு நிறத்தை ஒதுக்கிவிட்டு மாம்பழ மஞ்சளை எடுத்துக் காட்டியது நான்தான்" என்பதையும் கீழே எழுதுங்கள். உங்கள் கைத்திறனும் கனிவும் அந்த நல்லதில் சேர்ந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உங்கள் கண்ணில் படும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பா, பூங்காவில் நடக்கும் சிரிப்பு மன்றத்துக்குப் போக விரும்புகிறார். காரணமே இல்லாமல் சிரிப்பதால் பயன் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாகப் போகட்டும். மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் ஐந்து பேரோடு ஒரு பூங்காவில் இதைத் தொடங்கியபோது, துணுக்குகளைச் சொல்லித்தான் சிரித்தார்கள். துணுக்குகள் தீர்ந்த பிறகே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, துணுக்கு இல்லாமலே சிரிக்கும் முறை வந்தது. வலிந்து தொடங்கும் சிரிப்பு, எதிரே நிற்பவரைக் கண்டதும் தானாகவே வரத் தொடங்கிவிடுகிறது. அலுவலக நண்பர்களை இழந்த ஒருவருக்குக் காலையில் தம்மை எதிர்பார்த்து நாலு பேர் நிற்பது பெரிய ஆறுதல்; சிரிப்பைவிட அதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். குடலிறக்கமோ இதய நோயோ இருந்தாலும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் அவருக்குக் கூச்சம் தெளியும்வரை நீங்களும் உடன் சென்று வாருங்கள்.