பழைய 500 மி.மீ. டெலி லென்ஸை வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு, இன்னொருவர் பயன்படுத்திய 500 மி.மீ. எஃப்/4 லென்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறார். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் இது; எஃப்-க்குப் பின்னால் வரும் எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் நுழையும். பறவைகளைப் படம் எடுக்கத்தான். திருப்பிக் கொடுக்க 14 நாள் அவகாசம், அதில் ஆறு நாள் போய்விட்டது. சில படங்கள் அபாரம், சில படங்கள் காரணமே தெரியாமல் மழுங்கலாக வருகின்றன. கனமும் தோளைப் பிய்க்கிறது. இவ்வளவு பணத்தை இதில் போட்டது சரிதானா என்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறார்.

எனக்கும் அப்படிச் சில ராத்திரிகள் போயிருக்கின்றன. என்னுடையதும் பழையதாக வாங்கிய 500 எஃப்/4 தான். மூன்று வருடம் வைத்திருந்து விற்றேன். வாங்கியதற்கும் வருத்தமில்லை, விற்றதற்கும் பெரிதாக வருத்தமில்லை.

முதலில் அந்த மழுங்கல் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதை நம்பித்தான் நான் ஒரு நல்ல லென்ஸைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். வாங்கிய மூன்றாம் நாள், நல்ல வெயிலில், ஏரியின் அக்கரையில் நின்ற ஒரு நாரையை முப்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் இறகெல்லாம் ஈரச் சாயத்தைக் கையால் தேய்த்த மாதிரி இருந்தது. முப்பதும் அப்படித்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கலைந்திருந்தது. நான் கவனித்திருக்க வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான். லென்ஸில் கோளாறு என்றால் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி தெரியும். மாறிக்கொண்டே இருந்தால் அது கானல். சூடான தரைக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று நெளிகிறது. அதன் வழியாக எட்டிப் பார்க்கும் எந்த லென்ஸும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அந்த நெளிவைத்தான் படம் எடுக்கும். குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்த எடுப்பில் வெயிலுக்குக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். முன்னால் மாட்டும் அந்த நீளமான ஹூட்டுக்குள்ளேயே காற்று அலையும். அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, திருப்பி அனுப்புவதாக எழுதிய மெயில் இன்னும் டிராஃப்டில் கிடக்க, அதே ஏரிக்குப் போனேன். எட்டு மீட்டர் தூரத்தில் ஒரு முளைக்கட்டையில் மீன்கொத்தி. அந்தத் தூரத்தில், எஃப்/4-இல், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் கூர்மையாக விழும் ஆழமே ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்த ஆறு சென்டிமீட்டருக்குள் அலகின் நுனியும் கண்ணும் அடங்கிவிட்டன. அலகின் ஓரத்தில் ஒட்டியிருந்த மீன் செதில் ஒன்று தனியாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த நாணல் காடு முழுக்கப் பச்சைப் புகையாகக் கரைந்துவிட்டது. மெயிலை அழித்தேன்.

ஆகவே கூர்மையைச் சோதிப்பதாக இருந்தால் காலை நேரத்தில், பத்துப் பதினைந்து மீட்டருக்குள், ட்ரைபாட் போட்டு, அசையாத ஒரு பொருளைச் சோதியுங்கள். செங்கல் சுவர் ஒன்று போதும். நேர் எதிரே நின்று எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து மழுங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் விலகியிருக்கிறது. அநேகமாக எப்போதோ கீழே விழுந்த லென்ஸ். உங்களுடையது டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த கேமரா) என்றால் ஃபோகஸ் ஒரே சீராகக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழலாம். அதைப் பல கேமராக்களில் மெனுவிலேயே திருத்திக்கொள்ளலாம், லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

மீதி எட்டு நாளில் கூர்மையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது வேறு: இந்த லென்ஸ் இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?

பழைய டெலி லென்ஸில் கண்ணாடி சீக்கிரம் கெடுவதில்லை. போவது ஃபோகஸை ஓட்டும் மோட்டார், கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் அதிர்வு தாங்கி, வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் அபர்ச்சர், உள்ளே ஓடும் ரிப்பன் வயர். ஒரு மாடலைத் தயாரிப்பதை நிறுத்திச் சில வருடங்களில் கம்பெனிகள் உதிரிபாகம் தருவதையும் நிறுத்திவிடும். அதற்கப்புறம் மோட்டார் போனால் கையில் இருப்பது விலை உயர்ந்த பேப்பர் வெயிட். 1990-களில் வந்த சில பெரிய லென்ஸ்களில் கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால்கூட அது மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும். அதாவது மோட்டார் செத்தால் கையாலும் ஃபோகஸ் செய்ய முடியாது. உங்கள் மாடல் எந்த வருடத்தியது, உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இந்த ஒரு போனை நான் லென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம் கழித்துத்தான் போட்டேன், வயிறு கலங்கிவிட்டது.

பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். மிகக் கிட்டத்திலிருந்து மிகத் தூரத்துக்கு ஃபோகஸை ஐம்பது தடவை ஓடவிடுங்கள். கீச்சென்று சத்தம் வந்தாலோ, நடுவில் தயங்கி நின்றாலோ திருப்பிவிடுங்கள். அதிர்வு தாங்கி லேசாக முனகுவது சகஜம், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கடைசியாக, இருட்டறையில் லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கிளை பிரிந்தால் அது பூஞ்சை. தூசி நாலு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். முன்கண்ணாடியில் சின்னக் கீறல் என்றால்கூடப் படத்தில் தெரியாது, விலை பேசத்தான் உதவும். பின்கண்ணாடியில் கீறல் என்றால் யோசியுங்கள்.

இதெல்லாம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கனம்.

இந்தக் கனத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 500-ஐ 4-ஆல் வகுத்தால் 125. அதாவது முன்னால் வெளிச்சம் நுழையும் வாய் குறைந்தது 125 மி.மீ. அகலம் இருந்தே ஆக வேண்டும், யார் செய்தாலும். கேனன் 1999-இல் கொண்டுவந்த 500 எஃப்/4 கிட்டத்தட்ட 3.9 கிலோ, அதன் இரண்டாம் மாடல் 3.2 கிலோ. நிக்கானின் 2007 மாடல் 3.9 கிலோவை ஒட்டி, 2015 மாடல் 3.1 கிலோ. இரண்டு கம்பெனிகளும் அடுத்த மாடலில் முக்கால் கிலோ அளவுக்குக் குறைத்திருக்கின்றன. பழைய மாடல் விலை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம் எஃப்/5.6 போதும் என்றால் நிக்கானின் 500 மி.மீ. பிஎஃப் லென்ஸ் (2018, தனி வகைக் கண்ணாடியால் எடை குறைத்தது) ஒன்றரை கிலோகூட இல்லை. சோனியின் 200-600 (2019) இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், ஜூமும் உண்டு, ஆனால் கடைசி முனையில் எஃப்/6.3.

அந்த எஃப்/4-க்கும் எஃப்/6.3-க்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்றால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு; ஏற ஏறப் படத்தில் நாய்ஸ் என்ற புள்ளிப்புள்ளியான இரைச்சல் கூடும்) 1600-இல் நீங்கள் எடுக்கும் படத்தை அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க எஃப்/6.3 வைத்திருப்பவருக்கு 4000 வேண்டும். பகலில் இது ஒரு பொருட்டே இல்லை. இன்றைய நாய்ஸ் குறைக்கும் மென்பொருட்கள் அதில் ஒரு பங்கை மூடிவிடுகின்றன. விடிவதற்கு முந்தைய கால் மணி நேரம், பொழுது சாய்ந்த பின் வரும் கால் மணி நேரம், அடர்ந்த மர நிழல், இங்கேதான் எஃப்/4 தன் விலையைக் காட்டும். பின்னணி கரைவதிலும்தான். அந்தப் பச்சைப் புகை எனக்கு இப்போதைய லென்ஸில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. இழப்பு இல்லை என்று சொன்னால் பொய்.

உங்களுக்கு அந்த வெளிச்சம் தேவையா என்பதை என்னைக் கேட்க வேண்டாம், உங்கள் பழைய படங்களையே கேளுங்கள். உங்களிடம் இதற்கு முன் ஜூம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே பிடித்துப்போய் எடுத்து வைத்த படங்களை மட்டும் திறந்து, எத்தனை மணிக்கு, எந்த ஐஎஸ்ஓவில், ஜூமின் எந்த முனையில் எடுத்தவை என்று பாருங்கள். எல்லாம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் ஜூமின் கடைசி முனையில், ஐஎஸ்ஓ எகிறிய நிலையில் எடுத்தவை என்றால் இந்த லென்ஸ் உங்களுக்காகவே செய்தது. 300 மி.மீ. பக்கம் நல்ல வெயிலில் எடுத்தவையே அதிகம் என்றால் யானையைக் கட்டித் தீனி போடப் போகிறீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: நீங்கள் நடப்பவரா, உட்காருபவரா? மறைவிடத்தில் ட்ரைபாடும், கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கிச் சுலபமாகத் திருப்பவிடும் கிம்பல் ஹெட்டும் போட்டு மூன்று மணி நேரம் காத்திருப்பவருக்கு நாலு கிலோ ஒன்றும் இல்லை. நான் நடப்பவன். முதல் வருடம் ஆர்வத்தில் நாற்பது முறையாவது தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது வருடம் பதினொன்று. முதுகைக் காரணம் சொன்னேன், ஆனால் அந்தப் பதினொன்றிலும் பாதி, ‘இவ்வளவு பணம் போட்டோமே’ என்ற குற்ற உணர்ச்சியில் போனவை. வேலைக்குப் போகும் முகத்தோடு பறவை பார்க்கப் போவதைப் போலக் கொடுமை இல்லை. அந்த வருடக் கடைசியில் விற்றேன். வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போனது. முதல் சொந்தக்காரர் பெரிய நஷ்டத்தை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார், எனக்கு மூன்று வருட வாடகை அளவுக்குத்தான் கைவிட்டுப் போயிற்று.

பணத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல இருப்பதும் அதுதான். நல்ல நிலையில் இருக்கும், உதிரிபாகம் கிடைக்கும் லென்ஸ் என்றால் உங்கள் பணம் முழுகிவிடவில்லை, கண்ணாடியாக மாறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு வருடம் கழித்து விற்றாலும் பெரிய அடி விழாது. சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்றிலிருந்து ஒரு வருடம் தள்ளி காலண்டரில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். அன்றைக்கு எத்தனை தடவை வெளியே எடுத்தீர்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம். இந்த லென்ஸுக்காகக் கடன் வாங்கியிருந்தாலோ, வீட்டில் அவசரத்துக்கு வைத்திருந்த காசு என்றாலோ இந்தக் கணக்கு செல்லாது. லென்ஸ் விற்க இரண்டு மாதம்கூட ஆகலாம், ஆஸ்பத்திரிச் செலவு அதுவரை காத்திருக்காது. அப்படியென்றால் நாளைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வைத்துக்கொள்வதானால் ஈரப்பதம் நாற்பது, ஐம்பது சதவீதத்துக்குள் நிற்கும் ட்ரை பாக்ஸில் வையுங்கள். லென்ஸ் வந்த அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த பஞ்சையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திருப்பி அனுப்பவும் வேண்டும், பின்னால் விற்கவும் வேண்டும். டார்ச் சோதனையை இன்று ராத்திரியே செய்துவிடுங்கள். வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.