ஆஸ்திரேலியன் ஃபுட்பால் அணிகளில் வீரர்கள் அடிக்கடி காயப்படுவதற்குப் பயிற்சியாளரும் பயிற்சி முறையும்தான் காரணமா?

பெரிய பங்கு உண்டு. ஆனால் நீங்கள் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கும் காரணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மகன் புதிதாகச் சேர்ந்த கிளப்பில் சீசன் தொடங்கும் முன்பே மூன்று பையன்களுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது, கோச் ரொம்பக் கடுமையாக வேலை வாங்குகிறார், பையனை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை, கடுமையைவிடத் திடீர் மாற்றம்தான் தசையைக் கிழிக்கிறது. மெதுவாக ஏற்றிக்கொண்டு போனால் பதினாறு வயதுப் பையன் நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்குவான்.

மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் ஏழு சீசனாக நான் ட்ரெய்னராக இருக்கிறேன். இந்த ஆட்டத்தில் ட்ரெய்னர் என்றால் கோச் இல்லை. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, தண்ணீர் பாட்டிலோடு மைதானத்துக்குள் ஓடுவது, அடிபட்டவனை முதலில் போய்ப் பார்ப்பது, இதெல்லாம் செய்கிற தன்னார்வலர். முதலுதவிப் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். மருத்துவரோ பிசியோவோ இல்லை. என் மகன் அந்த அணியில் ஆடினான் என்பதால் உள்ளே போனேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு 18 பேர், கிரிக்கெட் ஆடும் அதே பெரிய ஓவல் மைதானம். ஆஃப்சைடு கிடையாது, எந்தத் திசையிலிருந்தும் ஆள் வந்து மோதலாம். இந்த ஆட்டத்தின் தொழில்முறை தேசிய லீக்கான ஏஎஃப்எல் அளவில் ஒரு வீரர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதற்குள்ளேயே முழுவேக ஓட்டம், குனிந்து பந்தை அள்ளுவது, எகிறிப் பிடிப்பது, 50 மீட்டர் உதைப்பது எல்லாம் வருகிறது. மோதலில் எலும்பு முறிந்தால் அதற்குக் கோச்சைக் குறை சொல்வது கஷ்டம். ஆனால் இந்த ஆட்டத்தில் அதிகம் வருகிற காயம் வேறு: யாரும் தொடாமலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போது தொடையின் பின்பக்கத் தசை கிழிவது. ஹாம்ஸ்ட்ரிங் என்று இங்கே சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

ஏஎஃப்எல் கிளப்புகளின் மருத்துவர்கள் 1992 முதல் ஆண்டுதோறும் காயங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். 2012 வரையிலான 21 சீசன்களைத் தொகுத்தபோது, ஒரு கிளப்புக்கு ஒரு சீசனில் சராசரியாக 6 புதிய ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள், அதனால் வீரர்கள் தவறவிட்ட ஆட்டங்கள் 20 என்று வந்தது. டாக்டர், பிசியோ, மசாஜ் செய்பவர் என்று ஒரு படையே உடனிருக்கும் அணிகளின் நிலைமை இது. நம் பேட்டை கிளப்பில் இருப்பது என்னைப் போல ஒருவர், ஐஸ் நிரப்பிய பெட்டி ஒன்று.

சரி, என் மகன் கதைக்கு வருகிறேன். அவனுக்கு அப்போது 16 வயது. அந்த வருடம் கிளப்புக்குப் புது கோச் வந்தார். நல்லவர், பெரிய மட்டத்தில் ஆடியவர், முந்தைய சீசனில் பையன்கள் கடைசி கால் மணி நேரத்தில் துவண்டுபோனதைப் பார்த்தவர். "ஃபிட்னஸ் போதாது" என்பது அவருடைய முடிவு. கிறிஸ்துமஸ் விடுமுறை, கோடை, ஐந்து வாரம் யாரும் ஓடவில்லை. ஜனவரி இறுதியில் முதல் செவ்வாய்க்கிழமை, 30 டிகிரி வெயில் அடங்காத மாலையில், 400 மீட்டர் எட்டு முறை, அப்புறம் 100 மீட்டர் முழுவேகத்தில் பத்து முறை. வியாழக்கிழமையும் அதேதான். மூன்று வாரத்தில் நான்கு பையன்கள் உட்கார்ந்துவிட்டார்கள், என் மகன் மூன்றாவது. "அப்பா, பின்னாடி டப்புன்னு ஏதோ அடிச்ச மாதிரி இருந்துச்சு, யாராவது கல்லை எறிஞ்சாங்களா?" என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதல் நாளே எனக்குச் சந்தேகம் இருந்தது. பெரிய ஆட்டக்காரரிடம் நான் என்ன சொல்வது என்று சும்மா இருந்துவிட்டேன். அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். நான்கு காயத்தைப் பார்த்துப் பயந்துபோன அதே கோச், முழுவேக ஓட்டத்தை அடியோடு நிறுத்தினார். ஒரு மாதம் மெதுவான ஓட்டமும் பாஸ் பயிற்சியும் மட்டும். பெற்றோர்கள் நிம்மதியானார்கள். மார்ச்சில் முதல் பயிற்சி ஆட்டம் வந்தது. பையன்கள் பந்தைப் பார்த்ததும் இருக்கிற வேகத்தையெல்லாம் போட்டு ஓடினார்கள். இன்னும் இரண்டு ஹாம்ஸ்ட்ரிங்.

இது ஏன் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். முழுவேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், பின்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்தக் காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். கிழிவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். மெதுவான ஓட்டத்தில் தசைக்கு இந்த வேலை கிட்டத்தட்ட வருவதே இல்லை. அதாவது, பத்துக் கிலோமீட்டர் ஜாக்கிங் போன பையனின் நெஞ்சும் மூச்சும் தயாராகிவிடும், பின்தொடை தயாராகாது. வேகத்துக்குத் தசையைப் பழக்க வேகமாகத்தான் ஓட வேண்டும், வாரம்தோறும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. ஐந்து வாரம் விட்டுவிட்டு ஒரே நாளில் பத்து முறை ஓடவைப்பதும் தப்பு, ஒரு மாதம் ஓடவே விடாமல் பொத்திவைத்து ஆட்டத்தில் இறக்குவதும் தப்பு.

பெரிய கிளப்புகள் இதை அளந்து பார்க்கின்றன. தோள்பட்டைகளுக்கு நடுவே ஜெர்சிக்குள் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவி யார் எத்தனை மீட்டர் எந்த வேகத்தில் ஓடினார் என்று சொல்லிவிடும். நமக்கு அது தேவையில்லை. பயிற்சி முடிந்ததும் "இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, அதை நிமிடங்களால் பெருக்கினால் போதும். 60 நிமிடம், 7 என்றால் 420. ஏஎஃப்எல் வீரர்களிடம் இந்த எண்ணை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒரு வாரத்தின் மொத்த எண் போன வாரத்தைவிடப் பெரிதாக எகிறிய வீரர்களுக்குக் காயம் கூடியது தெரிந்தது. எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டை ஒரு பேட்டை கிளப்புக்கு அவசியமில்லை. போன வாரம் 900, இந்த வாரம் 2000 என்றால் எந்தச் சூத்திரமும் இல்லாமலே தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2005இல் வெளியானது. அடிலெய்டைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் ஜெஃப்ரி வெராலும் அவருடைய குழுவும் ஒரு தொழில்முறை அணியை நான்கு சீசன் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் இரண்டு சீசனில் ஹாம்ஸ்ட்ரிங் காயப்பட்டவர்கள் 9 பேரும் 11 பேரும். பிறகு பயிற்சியை மாற்றினார்கள். நீண்ட மெதுவான ஓட்டங்களைக் குறைத்து, விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சியைக் கூட்டினார்கள். களைத்த தசையை நீட்டவைத்தார்கள். ஆட்டத்தில் வருவது போலவே குனிந்தபடி ஓடிப் பந்தை அள்ளும் பயிற்சிகளைச் சேர்த்தார்கள். அடுத்த இரண்டு சீசனில் 2 பேரும் 4 பேரும்தான். ஒரே அணி, எதிரே ஒப்பிட வேறு அணி இல்லை என்பதால் இதையே இறுதி நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு கோச் படித்துப் பார்த்தால் அடுத்த செவ்வாய்க்கிழமையே அவருக்குச் செய்ய ஏதாவது கிடைக்கும்.

இன்னொன்று நார்டிக் பயிற்சி. முட்டி போட்டு நிற்பவனின் கணுக்காலை நண்பன் அழுத்திப் பிடிக்க, பின்தொடையால் தாங்கிக்கொண்டே உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. பின்தொடையை வலுவாக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது, கருவி எதுவும் வேண்டாம். ஆனால் அமெச்சூர் ஃபூட்டி (இந்த ஆட்டத்துக்கு இங்கே செல்லப்பெயர்) வீரர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. அதில் பாதிப் பேருக்கும் குறைவானவர்கள்தான் இரண்டு முறைகூட முழுதாகச் செய்தார்கள். காரணம், முதல் தடவை செய்தால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாத வலி. அங்கேதான் கோச் வருகிறார். என்னைப் போல ட்ரெய்னர் சொன்னால் பையன்கள் பாதி செய்துவிட்டு ஓடிவிடுவார்கள். கோச் தன் பயிற்சித் திட்டத்திலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, முதல் வாரம் நாலைந்து தடவை மட்டும், பிறகு கூட்டலாம் என்று நின்று பார்த்தால் எல்லோரும் செய்வார்கள். எங்களுக்கு அடுத்து வந்த கோச் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் அதைத்தான் செய்தார். வாரம் இரண்டு முறை பார்ட்னரோடு நார்டிக், ஒவ்வொரு வியாழனும் சில முழுவேக ஓட்டங்கள். அந்த சீசனில் எங்கள் அணியில் ஒரே ஒரு ஹாம்ஸ்ட்ரிங்.

அதைவிட முக்கியமாக, வியாழக்கிழமை இரவு அணியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் நடந்துகொண்ட விதம். காயம் ஆறிய பையன் எப்போதும் "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வான். ஏஎஃப்எல் கணக்கிலேயே ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று அதே இடத்தில் மறுபடி வருகிறது. முந்தைய கோச் கண்ணைப் பார்த்துக் கேட்பார், பையன் தலையாட்டுவான், சனிக்கிழமை ஆடுவான். ஆசிரியையோ, இரண்டு முழுப் பயிற்சிகளில் முழுவேகத்தில் ஓடி, குனிந்து பந்தை அள்ளி, வலியில்லாமல் முடித்தால்தான் பெயரை எழுதுவார். அரையிறுதிக்கும் அதே விதிதான். அன்றைக்கு எங்கள் சிறந்த ஆட்டக்காரன் வெளியே உட்கார்ந்திருந்தான், நாங்கள் தோற்றோம், சில பெற்றோர்கள் அவரிடம் கத்தினார்கள். அவர் செய்தது சரி.

கடுமைதான் வெற்றி என்ற நம்பிக்கை இந்த ஆட்டத்தில் ஆழமாக ஊறியது. 1960இல் ஹாதார்ன் அணிக்குக் கோச்சாக வந்த ஜான் கென்னடி தன் வீரர்களைக் காட்டில் ஓடவிட்டுப் பிழிந்தெடுத்தார். 1961இல் ஹாதார்ன் முதன்முதலாகக் கோப்பையை வென்றது. அந்த அணியைக் 'கென்னடியின் கமாண்டோக்கள்' என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நம் பேட்டை கோச்சுகள்.

உத்தியும் காயத்தை மாற்றும். ஆட்களை வெளியே அழைத்து, ஓய்வு கொடுத்து, மறுபடி அனுப்பும் வேலையைக் கோச்சுகள் கூட்டிக்கொண்டே போய், 2013இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் இப்படி ஆள் மாற்றுவது சராசரி 130 தடவையைத் தாண்டியது. அடிக்கடி வெளியே வந்து இளைப்பாறிய வீரருக்கு ஹாம்ஸ்ட்ரிங் ஆபத்து குறைந்தது, எதிரணி அப்படிச் செய்தபோது நம் வீரருக்குக் கூடியது. ஏஎஃப்எல் 2014இல் 120 என்று வரம்பு வைத்து, அதை 2016இல் 90, 2021இல் 75 என்று குறைத்தது. கோச் கையில் இல்லாதவையும் உண்டு. இங்கே கவுச் என்று சொல்லும் புல் நம்மூர் அருகம்புல்தான். அது அடர்ந்து பூட்ஸ் ஆணியைப் பிடித்துக்கொள்ளும் மைதானங்களில், ரை புல் மைதானங்களைவிட முழங்காலின் ஏசிஎல் நார் அதிகம் அறுந்ததாக டாக்டர் ஜான் ஆர்ச்சர்டின் ஆய்வுகள் சொல்கின்றன.

தலை அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிச்மண்ட் அணியின் முன்னாள் வீரர் ஷேன் டக் 2020இல் இறந்தார். தலையில் பட்ட தொடர் அடிகளால் அவருடைய மூளை மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. அதை விசாரித்த விக்டோரியா மாநில மரண விசாரணை அதிகாரி, உடல்மோதல் பயிற்சி நாட்களுக்கு ஏஎஃப்எல் வரம்பு வைக்க வேண்டும் என்று 2023இல் பரிந்துரைத்தார். சிறுவர் அணியில் வாரம் இரண்டு நாளும் முழு மோதல் பயிற்சி வைக்கும் கோச் இருந்தால், அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கும்.

உங்கள் மகனை நிறுத்த வேண்டாம். ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும் போய் ஓரமாக நின்று பாருங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவனுக்குத் தனி அளவு கொடுக்கிறார்களா, ஒவ்வொரு வாரமும் கொஞ்சமாவது முழுவேக ஓட்டம் இருக்கிறதா, காயம் ஆறியவனைச் சோதித்து எடுக்கிறார்களா? இல்லை என்றால் கோச்சிடம் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சம்பளமில்லாமல் வருகிறவர்கள், தெரிந்தால் மாற்றிக்கொள்வார்கள்.

அப்புறம் உங்களால் மட்டுமே செய்ய முடிந்த ஒன்று. இந்த வயதுப் பையன் கிளப்புக்கும் ஆடுவான், பள்ளி அணிக்கும் ஆடுவான், நடுவில் பாஸ்கெட்பாலும் இருக்கும். மூன்று கோச்சுக்கும் அவரவர் பங்குதான் தெரியும், மொத்தம் யாருக்கும் தெரியாது. என் மகன் திரும்ப ஆட வந்த வருடம், ஃப்ரிட்ஜில் ஒரு காலண்டர் ஒட்டி, எந்த நாள் எங்கே எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை என்று அவன் அம்மா எழுதிவைத்தார். ஜூனில் ஒரு வாரம் ஐந்து நாளில் நான்கு ஆட்டம் விழுந்திருந்தது. அந்தத் தாளை ஃபோனில் படமெடுத்துப் போய் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை அவன் வரவேண்டாம், தூங்கட்டும்" என்றார்.