குட்டி நாயும் தண்ணீரும்: இப்போது எதை வாங்கலாம்?

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு 4 மாதம் ஆகிறது. தண்ணீர் பழக்கவும் வெளியே விளையாட விடவும் சாமான் வாங்கப் போனோம். லைஃப் ஜாக்கெட், காற்றடிக்கும் தொட்டி, தானாகச் சுருண்டுகொள்ளும் வார், மிதக்கும் பந்துகள் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக வாங்கச் சொல்கிறார்கள். குட்டியோ, வாளிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. இவ்வளவும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த வயதில் குட்டி வாரத்துக்கு வாரம் வளரும். அளவு பார்த்து வாங்கும் எதுவும் சீக்கிரமே பிடிக்காமல் போய்விடும்.

கடைக்குப் போவதற்கு முன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். குட்டிகளுக்கான அடிப்படைத் தடுப்பூசிகள் பொதுவாக 16 வாரத்தை ஒட்டித்தான் முடியும். குட்டிகளுக்குக் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். அதனால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பொது மைதானமும் குளமும் வேண்டாம்.

தண்ணீர் பழக்க அகலமான, ஆழமில்லாத ஒரு தொட்டி போதும். முதல் நாள் தண்ணீரே ஊற்றாதீர்கள். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு, அதற்குப் பிடித்த தின்பண்டத்தை உள்ளே வையுங்கள். அது பயமில்லாமல் ஏறி இறங்கிய பிறகு, விரல் அளவுக்கு வெதுவெதுப்பான நீர். ஒரு காலை வைக்கும், சடாரென்று இழுக்கும், உதறும், நனைந்த பாதத்தை முகர்ந்து பார்க்கும். அந்த நேரத்தில் தூக்கி உள்ளே விட்டீர்களோ, அத்தனை நாள் உழைப்பும் போச்சு. ‘தூக்கிப் போட்டால் தானாக நீந்தும்’ என்று யோசனை சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். காதில் வாங்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டை, கால் எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோகும் காலம் வரும்போது வாங்குங்கள். நாயையும் கூடவே கூட்டிப் போங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும்; எடையை மட்டும் பார்த்து எடுத்தால் பொருந்தாது. மாட்டிய பிறகு வாருக்கும் உடம்புக்கும் நடுவே 2 விரல் நுழைய வேண்டும். அப்புறம் முதுகில் இருக்கும் பிடியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் கழுத்துப் பக்கம் ஏறினாலோ நாய் ஒரு பக்கம் சாய்ந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். மனிதர்களின் ஜாக்கெட்டுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒப்புதல் கொடுக்கிறது. நாய் ஜாக்கெட்டுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே உறையில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று இருந்தால், யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள்.

தானாகச் சுருளும் வாரில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெல்லிய கயிறு விரலை அறுத்துவிடும். இழுத்தால் நீளும் என்று குட்டியும் கற்றுக்கொள்ளும். 5 மீட்டர் நீளமுள்ள, நீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் பூச்சு வார் வாங்குங்கள். பருத்தி வார் நனைந்தால் கனத்துவிடும். அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் ஹார்னஸில் (மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டுங்கள்.

பந்து, வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில் இருக்க வேண்டும். இன்று சரியாக இருக்கும் பந்து 2 மாதத்தில் தொண்டையில் சிக்கும் பந்தாகிவிடும். தண்ணீரில் எறிய, பந்தைவிடத் தட்டையான மிதக்கும் பொம்மை நல்லது. வாயை அகலத் திறக்காமலே கவ்வலாம், தண்ணீரும் குறைவாகத்தான் உள்ளே போகும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். திரும்பத் திரும்ப நீரை விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். விளையாடிய பிறகு வயிறு உப்பி, வாந்தி எடுத்து, தள்ளாடினால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். 10 நிமிடம் விளையாடினால் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். முடிந்ததும் காதைத் துடைத்து உலர்த்துங்கள். லாப்ரடாருக்குத் தொங்கு காது, ஈரம் தங்கினால் தொற்று வரும்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே காற்றடிக்கும் தொட்டி வாங்கிவிட்டோம். இரண்டாம் நாளே காற்று இறங்கிவிட்டது. ‘நாய் கீறியதற்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: ஒட்டுப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காற்றடித்து, சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி ஒட்டிய இணைப்பிலோ காற்றடிக்கும் வால்விலோ வந்தால் அது பெரும்பாலும் தயாரிப்புக் குறை; படம் எடுத்து, பில்லோடு மாற்றிக் கேளுங்கள். நடுப்பகுதியில் வந்தால் நகம்தான். ஆனால் பெட்டியில் நாய் படம் போட்டு, ‘செல்லப் பிராணிகளுக்கு’ என்று எழுதியிருந்தால் அப்போதும் விடாதீர்கள். நாய்க்கென்று விற்ற தொட்டி நாயின் நகத்தைத் தாங்கவில்லை என்றால் சொன்ன வேலைக்கு அது உதவவில்லை என்றுதானே அர்த்தம்? அதை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்த முறை கெட்டியான பக்கச் சுவரும், அடியில் நீர் வடியும் அடைப்பானும் உள்ள மடக்குத் தொட்டியாகப் பாருங்கள்.