மூக்கு நம்மைப் பார்க்கும்போது

(அம்பாசமுத்திரம் பக்கம் ட்ரோனில் மருந்தடிப்பதைத் தொழிலாகச் செய்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சும்மா இருக்கிறேன். ட்ரோனில் மருந்தடிக்கும் வேலைக்குப் போக ஆசை. ட்ரோன் வாங்க வசதியில்லை. கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகினால் கை வருமா? – வீரவநல்லூர் வாசகர்

கை வரும் தம்பி. கண் வராது. கண் என்று நான் சொல்வது தூரக் கணக்கை. வரப்புக்கும் ட்ரோனுக்கும் நடுவில் எத்தனை அடி என்பதைத் திரை சொல்லித் தராது. அதை வயலில் நின்றுதான் படிக்க வேண்டும். ஆனால் கை வருவதே பெரிய விஷயம்.

நானும் ஒரு காலத்தில் சிமுலேட்டரைக் கேலி பேசியவன்தான். பிசான நெல் பருவத்தில் ஒரு நாள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நெல்லுக்கு அடிக்கப் போயிருந்தேன். இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் ட்ரோனுக்குள் இருக்கிற திசைகாட்டி குழம்பும் என்று தெரிந்தும், சோம்பலில் டிராக்டரை ஒட்டியே வைத்துக் கிளப்பினேன். ஏறிய கொஞ்ச நேரத்தில் ஜி.பி.எஸ். பிடி விட்டுப்போய்விட்டது. அதுவரை நட்டுவைத்த மாதிரி நின்றது, காற்றோடு மிதக்க ஆரம்பித்தது. ட்ரோனின் மூக்கு, அதாவது முன்பக்கம், என்னைப் பார்த்து இருக்கிறது, என் இடது கைப்பக்கம் ஒரு பனை. வலப்பக்கம் வரட்டும் என்று ரிமோட்டில் இருக்கிற குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். நேராகப் பனையில் போய் ஏறியது. டேங்கில் இருந்த மருந்து முழுக்கப் பனை மூட்டில். வயல்காரர் பதறவே இல்லை. “பனைக்கு எதுக்குவே மருந்து?” என்று மட்டும் கேட்டார்.

ஒன்றுமில்லை, ட்ரோன் நமக்கு முதுகு காட்டி நிற்கும்போது அதன் வலது நம் வலது. மூக்கைத் திருப்பி நம்மைப் பார்த்தால் அதன் வலது நமக்கு இடது. இது எல்லோருக்கும் தெரியும். விரலுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதை விரலுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் சிமுலேட்டர். பனையில் ஏறினாலும் ஒரு பட்டனை அழுத்தினால் புது ட்ரோன் வந்துவிடும்.

பழகும் முறையைச் சொல்கிறேன். கீபோர்டில் பழகாதே, அது வீண். யு.எஸ்.பி. வயரில் கம்ப்யூட்டரோடு இணைகிற நிஜ ரிமோட் ஒன்று வாங்கிக்கொள். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். வீடியோ கேம் ரிமோட்டில் குச்சி கட்டையாக இருக்கும், மெல்லத் தள்ளவே வராது. எந்தக் குச்சிக்கு எந்த வேலை என்கிற அமைப்பை மோடு என்பார்கள், நம் ஊரில் பெரும்பாலும் மோடு 2 தான். இடது குச்சியில் ஏற்றமும் இறக்கமும் மூக்குத் திருப்பலும், வலது குச்சியில் முன் பின் இடம் வலம்.

சாஃப்ட்வேர் என்று பார்த்தால் லிஃப்ட்ஆஃப், வெலாசிட்ரோன் இரண்டும் ரேஸ் விடுகிறவர்களுக்கானவை. ட்ரோன் கண்ணிலிருந்து பார்க்கிற மாதிரி காட்டும். நமக்கு வேண்டியது தரையில் நிற்கிற ஆள் பார்க்கிற காட்சி. ரியல்ஃப்ளைட்டில் அது உண்டு. ஜி.பி.எஸ். உதவி இருந்தால் அணைத்துவிடு. குச்சியை விட்டால் ட்ரோன் சாய்வு நிமிர்ந்து மட்டத்துக்கு வரும், ஆனால் ஓரிடத்தில் நிற்காது என்கிற நிலையில் வைத்துப் பழகு. ஜி.பி.எஸ். இருக்கும்போது என் மகன்கூட ஓட்டுவான், அவனுக்கு ஒன்பது வயது.

முதல் வாரம் முதுகு காட்டி நிறுத்து. அப்புறம் பக்கவாட்டில். மூன்றாவதாக மூக்கு உன்னைப் பார்த்து. இங்கேதான் நாள் பிடிக்கும். ஒரு உபாயம் சொல்கிறேன்: மூக்கு உன்னைப் பார்க்கும்போது, ட்ரோன் எந்தப் பக்கம் நழுவுகிறதோ அந்தப் பக்கமே வலது குச்சியைத் தள்ளு. சரிகிற பந்தலுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. உன்னைப் பார்த்து வந்தால் குச்சியையும் உன் பக்கமே இழு, பின்வாங்கிப் போகும். இது யோசிக்காமல் வர எனக்கு ஒரு மாதம் ஆனது. எட்டுப் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம். தினம் இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்தால் கழுத்துதான் வலிக்கும்.

சிமுலேட்டரில் பழகியதற்கு லைசென்ஸ் கிடைக்குமா? – சேரன்மகாதேவி வாசகர்

கிடைக்காது. 2021 ட்ரோன் விதிகள்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேறினால்தான் சான்றிதழ். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது 18-லிருந்து 65-க்குள். வாங்கினால் 10 வருஷம் செல்லும். 250 கிராம் வரை உள்ள நானோ ட்ரோனுக்குச் சான்றிதழ் வேண்டாம். 10 லிட்டர் டேங்க் வைத்த மருந்தடிக்கும் ட்ரோன் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோவுக்குள் வரும், அதற்குக் கண்டிப்பாக வேண்டும். வீட்டில் பழகிப் போனால் பயிற்சியில் கை நடுங்காது, அந்த லாபம் உண்டு.

எங்கள் ஊரில் ஆடிக் காற்று ஆளையே தள்ளும். சிமுலேட்டரில் காற்று வைத்துப் பழக முடியுமா? – பணகுடி வாசகர்

முடியும். வேகத்தையும் திசையையும் வைத்துக்கொள்ளலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்களுக்கு மேற்கேயிருந்து வருவது, அப்படியே வையுங்கள். ஆனால் பனங்கூட்டத்துக்குப் பின்னால் காற்று சுழன்று அடிக்குமே, அது திரையில் வராது. டேங்கில் பாதி மருந்து அலம்பும்போது ட்ரோன் ஆடுகிற ஆட்டமும் வராது. மின்கம்பியும் அப்படித்தான். நான் ரிமோட்டைத் தொடுவதற்கு முன்னால் வயலை ஒரு சுற்று நடந்து, கம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிடுவேன்.

அந்தக் காற்றில் நிஜமாக மருந்தடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். மருந்து பக்கத்து வயலுக்குப் போகும், சண்டை உங்கள் வீட்டுக்கு வரும். இன்னொன்று, மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறம் போட்டுக் காட்டுகிற அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறம் என்று பார்க்காமல் எதையும் கிளப்ப வேண்டாம். பச்சை என்றால் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தம்பி, என் மகன் ராத்திரி பதினோரு மணி வரை கம்ப்யூட்டரில் ட்ரோன் ஓட்டுகிறான். கேட்டால் பயிற்சி என்கிறான். எனக்கென்னவோ விளையாட்டாகத்தான் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? – முக்கூடல் வாசகி

சுலபம் அக்கா. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். மூக்கு நம்மைப் பார்க்கிற மாதிரி ட்ரோனை ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் நூறு எண்ணி முடிக்கும் வரை அது அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நின்றுவிட்டால் பையன் நிஜமாகவே பழகுகிறான், ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள். “அதெல்லாம் எதுக்கும்மா” என்று மலைக்கு மேலே பறத்திக் காட்டினால் விளையாட்டுதான். அவசரப்படாமல், நிதானமாக எண்ணுங்கள்.