70-0 மேட்ச்ல என்ன இருக்கு? (2025 செப்டம்பர்ல எழுதினது)

வணக்கம் அண்ணா,

நான் டப்ளின்ல இருக்கேன், கொலம்பஸ் பக்கத்துல இருக்கற டப்ளின். ஒஹாயோ வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. ஆகஸ்ட் வந்தா ஆபீஸ்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் தவிர வேற பேச்சே இல்ல, நீங்களும் வருஷா வருஷம் செப்டம்பர்ல அதைப் பத்திதான் எழுதறீங்க, சரி என்னதான் இருக்குன்னு பாப்போம்னு இந்த சீசன் உக்காந்தேன். நம்ம ஊரு டீம் ஒஹாயோ ஸ்டேட் டெக்சாஸோட ஆடின மேட்ச் டிவில பாத்தேன். மூணரை மணி நேரம், ஸ்கோர் 14-7, பாதி நேரம் எல்லாரும் ஒரே குவியலா விழறதும் எழுந்திருக்கறதுமாவே போச்சு. அடுத்த வாரம் ஒரு ஃப்ரெண்டு டிக்கெட் கொடுத்தார்னு நேர்லயே போனேன். கிராம்ப்ளிங் ஸ்டேட்னு ஒரு டீம், நம்மகிட்ட 70-0ல தோத்துச்சு. ஹாஃப்டைம்ல சாப்பிட வாங்கலாம்னு போய் க்யூல நின்னு திரும்பி வந்தா மூணாவது குவாட்டர், கொஞ்ச நேரத்துல கிளம்பிட்டேன். சின்ன காலேஜ் பசங்களை காசு கொடுத்து கூட்டிட்டு வந்து அடிக்கறாங்கன்னு கூட வந்தவர் சொன்னார், அது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. முதல் மூணு வாரத்தை தூக்கிப் போட்டுட்டு நேரா பெரிய டீமும் பெரிய டீமும் ஆடினா என்ன? இன்னொண்ணு, ஆகஸ்ட்ல நம்பர் 1னு சொன்ன டெக்சாஸ் முதல் மேட்ச்லயே தோத்துடுச்சே, அப்புறம் எதுக்கு அந்த ரேங்கிங்? இதுல நீங்க என்னத்தை ரசிக்கறீங்கன்னு உண்மையாவே தெரிஞ்சுக்கதான் கேக்கறேன்.

— டப்ளின் வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு கஷ்டமா இருந்துச்சுன்னு எழுதினீங்க பாருங்க, அங்கேந்தே ஆரம்பிக்கறேன். அந்த 70-0க்கு நானும் போயிருந்தேன், கடைசி வரைக்கும் இருந்தேன். ஆனா நீங்க சாப்பாட்டு க்யூல நின்ன அந்த இருபது நிமிஷம்தான் அன்னிக்கு பாத்திருக்க வேண்டியது.

கிராம்ப்ளிங் ஒரு "சின்ன காலேஜ்" இல்ல தம்பி, அதாவது சைஸ்ல சின்னது, லூசியானா வடக்குல ஒரு சின்ன ஊரு, கறுப்பின மாணவர்களுக்காக உருவான காலேஜ். எடி ராபின்சன்னு ஒருத்தர் 1941ல அங்க கோச்சா வந்தாரு, அப்ப அவருக்கு 22 வயசு, மைதானத்துல கோடு போடற வேலையையும் அவரேதான் பாத்தாரு. 1997 வரைக்கும் அங்கயே இருந்தாரு, 408 மேட்ச் ஜெயிச்சாரு, அவர்கிட்ட ஆடின பசங்க 200 பேருக்கு மேல ப்ரொஃபஷனல் ஃபுட்பாலுக்குப் போனாங்க. எப்படி அத்தனை பேரு? தெற்குல இருந்த பெரிய யுனிவர்சிட்டிங்க அப்ப ஃபுட்பால் டீம்ல கறுப்பினப் பசங்களை சேத்துக்கல. அலபாமா டீம்ல முதல் கறுப்பின வீரர் மேட்ச்ல இறங்கினதே 1971லதான். அதுவரைக்கும் லூசியானாவுல திறமையா ஓடற, எறியற பையன் எங்க போவான்? கிராம்ப்ளிங்க்குத்தான் வருவான். கிராம்ப்ளிங்ல ஆடினவர்தான் டக் வில்லியம்ஸ், 1988 ஜனவரில வாஷிங்டன் டீமுக்கு சூப்பர் பவுல், அதாவது ப்ரொஃபஷனல் ஃபுட்பாலோட ஃபைனல், ஜெயிச்சுக் கொடுத்த குவாட்டர்பேக் (பந்தை எறிஞ்சு டீமை நடத்தறவர்), அந்த இடத்துல ஆரம்பத்துலேந்து ஆடி ஜெயிச்ச முதல் கறுப்பினத்தவர். ரெண்டாவது குவாட்டர் ஒண்ணுலயே நாலு டச்டவுன் (எதிராளி கோட்டைத் தாண்டி எடுக்கற ஸ்கோர்) பாஸ் போட்டாரு. அப்புறம் பெரிய யுனிவர்சிட்டிங்க கதவைத் திறந்தாங்க, அது நடக்க வேண்டிய நல்ல விஷயம்தான், ஆனா அதுக்கப்புறம் அதே லூசியானா பையன் அலபாமாவுக்கும் எல்.எஸ்.யூ.வுக்கும் (லூசியானா ஸ்டேட்) போக ஆரம்பிச்சுட்டான், கிராம்ப்ளிங் மாதிரி இடங்க மெல்ல மெல்ல மெலிஞ்சுபோச்சு. அன்னிக்கு ஸ்கோர்போர்டுல நீங்க பாத்த 70-0 அந்த அம்பது வருஷக் கணக்கு.

அந்த காலேஜோட பேண்டும் ஃபுட்பால் அளவுக்கே பேர்போனது. ஹாஃப்டைம்ல அவங்க உள்ள இறங்கினப்ப எனக்கு முன் வரிசைல ஒரு வயசான அம்மா, முழுசா ஒஹாயோ ஸ்டேட் சிவப்பு சட்டை, கையில இருந்த பாப்கார்னை கீழ வெச்சுட்டு எழுந்து நின்னுட்டாங்க. டிரம் மேஜர் முதுகை பின்னால வளைச்சு வளைச்சு தலை தரையை தொடற அளவுக்குப் போறாரு, பின்னாடி டிரம்பெட் எல்லாம் ஒரே வீச்சுல மேல தூக்கறாங்க, நம்ம நெஞ்சுல அடிக்குது அந்த சத்தம். அப்படி தோத்துட்டு இருக்கற காலேஜோட பேண்டுக்கு எதிர் டீம் ரசிகருங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. அந்த அம்மா உக்காரவே இல்ல, பேண்ட் வெளிய போற வரைக்கும் நின்னாங்க.

இப்ப காசு விஷயம். உங்க ஃப்ரெண்டு சொன்னது உண்மைதான், பெரிய யுனிவர்சிட்டி சின்னதைக் கூப்பிட்டு காசு கொடுக்குது, பதிலுக்கு அவங்க ஊருக்குப் போய் ஆடாது. அந்த ஒரு செக்குதான் பல சின்ன காலேஜ்ல ஃபுட்பால் மட்டும் இல்ல, டிராக்கு, வாலிபால், சாஃப்ட்பால்னு மத்த டீமுங்களையும் ஓட்டுது. ஸ்கோர் ஏன் இவ்ளோ பெருசாகுதுன்னும் சொல்றேன். சமீபம் வரைக்கும் பெரிய டிவிஷன்ல 85 ஸ்காலர்ஷிப், கிராம்ப்ளிங் இருக்கற டிவிஷன்ல 63. முதல்ல இறங்கற 22 பேரு ஓரளவு தாக்குப்பிடிப்பாங்க, மூணாவது குவாட்டர் வரும்போது இங்க ஃப்ரெஷ்ஷா அடுத்த செட்டு இறங்கும், அங்க அதே பையன் மூச்சு வாங்கிட்டு நிப்பான். இதெல்லாம் தெரிஞ்சுதான் அந்த பசங்க பஸ் ஏறறாங்க. பிச்சை வாங்க வந்தவங்கன்னு அவங்களைப் பாக்காதீங்க, அவங்க அப்படி வரல.

போன வருஷம் 2024 செப்டம்பர் 7, நார்தர்ன் இல்லினாய்ங்கற சின்ன யுனிவர்சிட்டிக்கு 14 லட்சம் டாலர் கொடுத்து நோட்டர் டேம் கூப்பிட்டாங்க. நோட்டர் டேம் அப்ப நம்பர் 5, நாலு டச்டவுன் வித்தியாசத்துல ஜெயிப்பாங்கன்னு எல்லாரும் கணக்கு போட்டாச்சு. நான் வீட்டுல துணி மடிச்சுக்கிட்டே ஓரக்கண்ணால பாத்துட்டு இருந்தேன். நாலாவது குவாட்டர்ல துணி அப்படியே கெடக்கு, சோஃபா நுனில உக்காந்திருக்கேன். 14-13, நோட்டர் டேம் முன்னாடி, பந்தும் அவங்க கையில, அவங்க குவாட்டர்பேக் போட்ட பாஸை நார்தர்ன் இல்லினாய் பையன் புடிச்சுட்டான். அங்கேந்து கொஞ்சம் கொஞ்சமா நகத்திக்கிட்டு வந்து, 31 செகண்ட் இருக்கும்போது 35 யார்டு ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு எடுக்கற மூணு பாயின்ட்), கேனன் வுடில்னு கிக்கர், உள்ள போச்சு. 16-14. நோட்டர் டேம் கடைசியா 62 யார்டுலேந்து ஒரு கிக் முயற்சி பண்ணினாங்க, அதையும் கைய நீட்டி தடுத்தாச்சு. கோச் தாமஸ் ஹாமக் அதே காலேஜ்ல ஆடினவரு, டிவி இன்டர்வியூல பேச வாய் வரல, கண்ணு தண்ணியா கொட்டுது, அவர் அழறதைப் பாத்து நானும் அழுதேன். நீங்க சொல்ற மாதிரி முதல் மூணு வாரத்தை தூக்கிப் போட்டா தம்பி, அந்த மனுஷன் அந்த மைதானத்துக்கு வந்திருக்கவே மாட்டாரு.

2007 இன்னும் பெருசு. செப்டம்பர் 1, மிச்சிகனோட ஊரு ஆன் ஆர்பர், மிச்சிகன் நம்பர் 5, கூப்பிட்டது ஆப்பலாச்சியன் ஸ்டேட்டை, கீழ் டிவிஷன் டீம், 4 லட்சம் டாலர். நம்ம டீமும் மிச்சிகனும் இருக்கற பிக் டென் குழுவோட டிவி சேனல், பிக் டென் நெட்வொர்க், தொடங்கி ரெண்டே நாள் ஆகியிருந்துச்சு, அந்த மேட்ச் அதுலதான், நிறைய வீட்டு கேபிள்ல அந்த சேனலே வரல. எங்க வீட்டுலயும் வரல. ஃப்ரெண்டு ஒருத்தரு போன்ல ஸ்கோர் சொல்ல சொல்ல நான் கிச்சன்ல நின்னு கேட்டுட்டு இருந்தேன். 34-32. கடைசி செகண்ட்ல மிச்சிகன் ஃபீல்டு கோல் அடிக்கப் போக, கோரி லிஞ்ச் பாய்ஞ்சு தடுத்து பந்தை எடுத்துட்டு ஓடினாரு. போன்ல அவரு கத்தின கத்தல்ல ஒண்ணும் புரியல, "தடுத்துட்டான் தடுத்துட்டான்"னு மட்டும் கேட்டுச்சு. மிச்சிகன் நம்ம பரம எதிரி டீம், கொலம்பஸ்ல இருக்கறவங்களுக்கு அவங்க தோத்தா எவ்ளோ சந்தோஷம்னு உங்களுக்கு நவம்பர் கடைசில புரியும், ஆனா அன்னிக்கு அதையும் தாண்டின ஒரு சந்தோஷம் அது.

அடுத்தது ரேங்கிங். 1936லேந்து பத்திரிகைக்காரங்க ஓட்டு போட்டு வர்ற லிஸ்ட் அது. யாரும் ஒரு மேட்ச்கூட ஆடாதப்ப போடற ஆகஸ்ட் லிஸ்ட் 1950லேந்து வருது, அதுல டெக்சாஸ் முதல் இடத்துல இருந்தது சரித்திரத்துலயே இந்த வருஷம்தான். காரணம் பெரும்பாலும் அவங்க குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங், பெரிய ப்ரொஃபஷனல் குவாட்டர்பேக்குங்க பேட்டன் மேனிங்கோட, ஈலை மேனிங்கோட அண்ணன் பையன், அந்த பேருக்கே பாதி ஓட்டு விழுந்திருக்கும்னு நான் நினைக்கறேன். அந்த லிஸ்டை ஒரு ஊகம்னு வெச்சுக்கோங்க, அதை உடைக்கறதுதான் செப்டம்பரோட வேலை. போன வருஷம் வெறும் ரெண்டே மேட்ச் ஜெயிச்ச ஃப்ளோரிடா ஸ்டேட் இந்த ஆகஸ்ட் 30 அலபாமாவை 31-17ன்னு அடிச்சு அனுப்பினாங்க. நியூ இங்கிலாந்துல ஆறு சூப்பர் பவுல் ஜெயிச்ச பில் பெலிச்சிக், 73 வயசுல முதல் தடவையா காலேஜ் கோச்சா நார்த் கரோலினாவுக்கு வந்தாரு, முதல் தடவை பந்து கையில கெடைச்சப்பவே டச்டவுன், ஸ்டேடியமே எகிறுது, முடிவுல எதிர் டீம் டி.சி.யூ 48, இவங்க 14. செப்டம்பர் 6 சவுத் ஃப்ளோரிடா ஃப்ளோரிடாவோட ஊரு கெய்ன்ஸ்வில்லுக்கே போய் அவங்களை கடைசி கிக்ல 18-16ன்னு சாய்ச்சாங்க. அதே நேரம் ஒரு தோல்வியை வெச்சு யாரையும் முடிச்சும் வெச்சுடாதீங்க. அன்னிக்கு நார்தர்ன் இல்லினாய்கிட்ட தோத்த அதே நோட்டர் டேம் அடுத்து வரிசையா 13 மேட்ச் ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் வந்தாங்க, ஜனவரி 20 அட்லாண்டாவுல நம்மகிட்டதான் 34-23ல தோத்தாங்க.

லிஸ்ட் போட்டவங்க தப்பா போன அதே டெக்சாஸ் மேட்ச் அன்னிக்கு காலைல இங்க கொலம்பஸ்ல லீ கோர்சோவோட கடைசி நிகழ்ச்சி நடந்துச்சு. 90 வயசு, 1987லேந்து டிவில சனிக்கிழமை காலை உக்காந்து யார் ஜெயிப்பாங்கன்னு சொல்ற மனுஷன், 2009ல ஸ்ட்ரோக் வந்து பேச்சு தடுமாறினப்புறமும் விடல. 1996ல முதல் முதல்ல, தான் ஜெயிக்கும்னு சொல்ற டீமோட மாஸ்காட் பொம்மைத் தலையை மாட்டிக்கிட்டது இந்த ஊர்லதான், ஒஹாயோ ஸ்டேட்டோட மாஸ்காட் ப்ரூட்டஸ் தலை. கடைசியா மாட்டினதும் அதேதான். அன்னிக்கு ஆறு மேட்ச் சொன்னாரு, ஆறும் அப்படியே நடந்துச்சு.

14-7 போரடிச்சுதுன்னு சொன்னீங்கல்ல, அதுல ஒரே ஒரு இடத்தை மட்டும் யூட்யூப்ல திரும்பிப் பாருங்க. மூணாவது குவாட்டர், நாம 7-0. டெக்சாஸ் ரொம்ப தூரம் பந்தை நகத்திக்கிட்டே வந்து நம்ம கோல் லைனுக்கு ஒரே ஒரு யார்டுல நிக்கறாங்க, நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு. ஃபீல்டு கோல் உதைச்சு மூணு பாயின்ட் எடுத்துட்டுப் போகலாம், எடுக்கல. மேனிங் தானே பந்தை வாங்கி நேரா குனிஞ்சு நுழையறாரு. நீங்க பந்தைப் பாக்காதீங்க, நடுவுல நிக்கற நம்ம டிஃபன்ஸ் ஆளுங்களோட காலைப் பாருங்க. ஒருத்தரும் எழுந்து நிக்க மாட்டாங்க, எல்லாரும் முட்டிக்குக் கீழ இருந்து மேல தள்ளறாங்க, அந்த ஒரு யார்டு டெக்சாஸுக்கு கெடைக்கல. நீங்க குவியல்னு எழுதினது இதைத்தான். 1 லட்சம் பேரும் நின்னுட்டே கத்தினாங்க, மேட்ச்சே அங்கதான் தீந்துச்சு.

நீங்க கேட்ட மாதிரி பெரிய டீமும் பெரிய டீமும் மட்டும் ஆடற காலம் வந்துட்டுதான் இருக்கு, அதுதான் எனக்கு கவலை. நம்ம பிக் டென் ஏற்கனவே தங்களுக்குள்ள ஒன்பது மேட்ச் ஆடுது, அலபாமா, டெக்சாஸ் எல்லாம் இருக்கற எஸ்.ஈ.சி. குழுவும் 2026லேந்து ஒன்பதுன்னு போன மாசம்தான் சொல்லியிருக்காங்க. மொத்தம் பன்னெண்டு மேட்ச், அதுல ஒன்பது போயிடுச்சுன்னா சின்ன காலேஜ்க்கு மிச்சம் எத்தனை? இந்த ஜூலைலேந்து யுனிவர்சிட்டிங்க பசங்களுக்கு நேராவே சம்பளம் மாதிரி கொடுக்கலாம், ஒரு யுனிவர்சிட்டி வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு கொஞ்சம் மேல வரைக்கும், பசங்களுக்கு காசு கெடைக்கறது நியாயம்னுதான் நான் எப்பவும் சொல்லியிருக்கேன், ஆனா அந்த காசை தேத்தறதுக்கு டிவிக்கு புடிச்ச மேட்ச் மட்டும்தான் வேணும்னு ஆயிடுச்சுன்னா, நார்தர்ன் இல்லினாய் பஸ்ஸு எந்த மைதானத்துக்குப் போகும்? எனக்கு அந்த நினைப்பே தாங்கல.

இந்த வாரம் நமக்கு லீவு. 27ம் தேதி சியாட்டில்ல வாஷிங்டன்கூட ஆடறோம், அதை டிவில பாருங்க. அக்டோபர் 4 மினசோட்டா இங்க வர்றாங்க, என்கிட்ட ரெண்டு டிக்கெட் இருக்கு, நீங்க வாங்க. மேட்ச்சுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க, செயின்ட் ஜான் அரினாவுல நம்ம பேண்ட் வாசிக்கும், அதைக் கேட்டுட்டு நடந்தே ஸ்டேடியத்துக்குப் போயிடலாம். பையி மட்டும் உள்ள இருக்கறது தெரியற மாதிரி ப்ளாஸ்டிக்கா இருக்கணும், வேற பெரிய பை விட மாட்டாங்க. சாப்பாடு நான் வீட்டுலேந்து கட்டிட்டு வந்துடறேன், உள்ள போறதுக்கு முன்னாடியே பார்க்கிங்ல சாப்பிட்டுடலாம், ஹாஃப்டைம்ல யாரும் எங்கயும் எழுந்து போக வேணாம்.

அன்புடன்.