பட்டும் பருத்தியும்: கேட்டவையும் சொன்னவையும்

காஞ்சிப் பட்டு, செட்டிநாட்டுக் கண்டாங்கி என்னும் பருத்திச் சேலை ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமே என்னால் உறுதியாகப் பேச முடியும் என்பதால், மற்ற நெசவுகளைப் பற்றிய கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் தந்திருக்கிறேன்.

திருச்சி வாசகி: மகளின் முகூர்த்தச் சேலைக்குக் கடையில் சில்க் மார்க் சீட்டைக் காட்டினார்கள். அது போதுமா ஐயா?

போதாது அம்மா. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் வழங்கப்படும் அந்த முத்திரை, நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கைத்தறியா விசைத்தறியா, ஜரிகையில் வெள்ளி உண்டா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை.

சேலையைத் திருப்பிப்போட்டு, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். கோர்வைச் சேலையில் இரு கரைகளுக்கும் உடலுக்கும் ஊடையை (குறுக்கு நூலை) எடுத்துச் செல்லும் நாடா தனித்தனியாக ஓடுவதால், உடலின் ஊடை கரைக்குள் நுழையாமல், சேரும் கோட்டிலேயே கரையின் ஊடையோடு பிணைந்து திரும்பியிருக்கும். அரக்குக் கரைக்குள் உடலின் பச்சை ஊடை ஓடுவது தெரிந்தால் அது கோர்வை அன்று. அப்படி நெய்வது குற்றமில்லை. ஆனால் கோர்வைக்கு உதவியாள் ஒருவரும் கூடுதல் நாட்களும் தேவைப்படுவதால்தான் அதன் விலை ஏறுகிறது. கோர்வை அல்லாத சேலைக்கு அந்த விலையைக் கொடுக்காதீர்கள். ஜரிகையின் தரத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் முகூர்த்தச் சேலை எடுக்க வேண்டாம்.

கோவை வாசகர்: நூலை எரித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். தலைப்பில் தொங்கும் பாவு (நெடுக்கு) நூலோடு, ஊடை நூலிலும் ஓரிழை எடுத்துத் தனித்தனியாக எரியுங்கள். பாவு பட்டாகவும் ஊடை பாலியஸ்டராகவும் உள்ள சேலைகள் சந்தையில் உண்டு. பட்டு, முடி கருகும் வாடையுடன் எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். காகிதம் எரியும் வாடை வந்தால் அது பட்டு அன்று, ரேயான் என்னும் செயற்கைப் பட்டாக இருக்கலாம்.

சேலம் வாசகர்: வெள்ளி ஜரிகை கறுத்துப்போகிறது, கனக்கிறது. செம்புக் கம்பியில் முலாம் பூசிய ஜரிகை விலை குறைவு. அதை ஏன் குறை சொல்கிறீர்கள்?

நான் ஜரிகையைக் குறை சொல்லவில்லை. ஜரிகையின் தரத்தை எழுதாத பில்லைத்தான் குறை சொல்கிறேன். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. செம்பு ஜரிகை என்று சொல்லி, செம்பு ஜரிகையின் விலைக்கு விற்றால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

மீண்டும் சேலம் வாசகர்: உடுத்துபவருக்கு வித்தியாசம் தெரியாதே?

உடுத்தும்போது தெரியாது, விற்கப்போகும்போது தெரியும். பழைய சேலையை எடுக்கும் வியாபாரி வெள்ளிக்குத்தான் பணம் தருவார், செம்பு ஜரிகைக்கு அநேகமாக ஒன்றும் தரமாட்டார்.

நெல்லை வாசகி: சேலம்காரர் சொல்வது நியாயம்தானே? அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்கிறார்களே, அதுவே போதாதா?

நியாயம் பில்லில் இருக்கட்டும் என்பதே என் பதில். சிவப்பு நூல் ஓர் அடையாளம்தான், ஆனால் பாலியஸ்டருக்கும் சிவப்புச் சாயம் ஏறும். எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்தால், சேலைக்குச் சேதமின்றி வெள்ளி, தங்கம், செம்பின் விழுக்காடு தெரிந்துவிடும். ஜரிகை விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

காரைக்குடி வாசகி: புதுக் கண்டாங்கியில் சாயம் போகிறது. உப்பு நீரில் ஊறவைக்கலாமா?

ஊறவைப்பது வழக்கம்தான், ஆனால் சாயம் சரியாக ஏறாத சேலையை உப்பு காப்பாற்றாது. முதல் சில சலவைகளுக்குத் தனியாக, குளிர்ந்த நீரில் அலசி, உடனே பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். ஈரமாக மடித்து வைத்தால் கட்டத்தின் சிவப்பு மஞ்சளில் இறங்கிவிடும். கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள். பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. பின்கொசுவம் வைத்துக் கட்டினால்தான் கண்டாங்கியின் அகலக் கரை எடுப்பாகத் தெரியும் என்பது என் கட்சி.

சென்னை வாசகி: பட்டுச் சேலையை வாஷிங் மெஷினில் போடலாமா?

கூடாது. முதல் சலவையை உலர்சலவைக்குக் கொடுங்கள். உடுத்திய பின் நிழலில் காற்றாட விட்டு, வியர்வை உலர்ந்ததும் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஜரிகை மேல் வாசனைத் திரவியம் அடிக்கவே கூடாது.

வேலூர் வாசகர்: மென்மையான சுற்றில் மெஷினில் போடலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

ஓசூர் வாசகி: பனாரஸ் சேலையில் அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

அதை வாரணாசி நெசவு அறிந்தவரிடம் கேளுங்கள். வாசனைத் திரவிய எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

தஞ்சை வாசகி: பாட்டியின் கூறைச் சேலை மடிப்பில் கிழிகிறது. விற்றுவிடலாமா?

ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் இருந்தால் ஜரிகை கனத்தில் பட்டு அந்தக் கோட்டிலேயே விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றியிருக்க வேண்டும். இனி மடிக்காமல், பருத்தித் துணியோடு சேர்த்து உருளையாகச் சுற்றுங்கள். கிழிந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய மல் துணி வைத்துக் கையால் தைக்கலாம், மெஷின் தையல் வேண்டாம். விற்பதானால் முதலில் ஜரிகையைச் சோதித்துப் பாருங்கள். சோதிக்காமல் மொத்தச் சேலைக்கு ஒரே விலை பேசும் வியாபாரியிடம் கொடுக்காதீர்கள்.