மூன்றாம் வகுப்பில் மூன்று நாள்

கேள்வி: ஜெர்மனியில் மியூனிக்கில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மே மாதச் சான்றிதழில் ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றுக்கும் சேர்த்துச் சராசரி 2.33-க்குள் வந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கொண்டுபோகும் கிம்னாசியம் பள்ளியில் இடம். இங்கே 1 தான் முதல்தர மதிப்பெண், எண் கூடக் கூட மதிப்பு குறையும். இவள் 2.66-இல் நிற்கிறாள். எழுத்தில் கெட்டி, ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். சனிக்கிழமை பரதம், தமிழ்ப்பள்ளி, ஞாயிற்றுக்கிழமை அபாகஸ் என்று நாங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. போன மாதம் வகுப்போடு மூன்று நாள் வெளியூர் அழைத்துப் போனார்கள். ராத்திரி தங்கல் என்பதால் என் கணவர் வேண்டாம் என்றார். அந்த மூன்று நாளும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து சமர்த்தாகக் கணக்குப் போட்டாளாம். இவளைப் பேச வைக்க என்ன வழி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 2.66-க்கு, பத்தாம் வகுப்போடு முடிகிற ரியல்ஷூலே பள்ளி இருக்கிறது. மூன்று நாள் சோதனை வகுப்பில் தேறினால் கிம்னாசியமே கிடைக்கும். ரியல்ஷூலே முடித்த பிறகும் பல்கலைக்கழகம் போக வழி உண்டு. அதை விடுங்கள்.

அந்த மூன்றாம் வகுப்புக்கு வாருங்கள். பயணத்துக்கு வராத பிள்ளையை அங்கே வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது, வேறு வகுப்பில்தான் உட்கார வேண்டும். சரி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தவளிடம் “நீ ஏன் போகலை?” என்று யாராவது கேட்டிருப்பார்களே, என்ன சொன்னாள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போனவர்கள் திரும்பி வந்து யார் மேல்கட்டிலில் படுத்தது, யார் பேய்க்கதை சொன்னது, யாருக்கு மெத்தை உறை மாட்டத் தெரியவில்லை என்று ஒரு வாரம் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சில் இவள் எங்கே வாயைத் திறப்பாள்? வகுப்பில் பேசுவதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு என்று தெரிந்துதானே எனக்கு எழுதினீர்கள்?

ராத்திரியில் டீச்சர் கூடவே இருப்பார். சாப்பாட்டுக்குப் படிவத்தில் சைவம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். மூன்று நாள் ரசம் இல்லாமல் யாரும் இளைத்துப் போனதில்லை.

பிழைப்புக்காகப் பிள்ளையை ஒரு ஊருக்குக் கொண்டுபோனால், அந்த ஊரோடு அவளைச் சேர்த்துவிடுவதும் பெற்றவர்கள் கடமை. பீஸ் கட்டி நாலு வகுப்பில் சேர்த்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. பரதமும் தமிழும் இருக்கட்டும். பேத்தி போனில் ‘ஹாய்’ சொல்வதோடு சரி என்று அழும் பாட்டிகளின் கடிதமும் எனக்கு வருகிறது. அபாகஸ் எதற்கு? சும்மா உட்கார வைத்தாலே கணக்குப் போடுகிறவள் அவள்!

அதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் இப்படி ஒரு பயணம் மறுபடி வரும். படிவம் வந்த அன்றே கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த இரண்டு ராத்திரி தூக்கம் வராதென்றால் டிவி பார்க்கட்டும்.